கருவேப்பலைக்குக் காசு குடுத்த மகராசி

மாசக் கடைசியில காசு எங்க போச்சுன்னு என்னையக் கேக்கறயே அம்முணி, நானென்ன போலீசுக்காரனா? ரண்டு பேரும் சம்பாரிக்கறீங்க. நீங்க ஒரு மாசம் வாங்கற சம்பளத்தை எங்கூர்ல அந்தக் காலத்துல கண்ணால பாத்தவன் எவனும் இல்ல. இருந்தும் இருவத்தஞ்சாந் தேதி தாண்டுனா மாப்பிள்ளை மெதுவா எங்கிட்ட வந்து, "அப்பிச்சிங்க, எரநூறு ரூவா இருக்குதுங்களா, ஒண்ணாந் தேதி குடுத்தர்றேன்"ங்கறாரு. கேக்கட்டும், நம்ம மாப்பிள்ளைதான. ஆனா உங்க காசு ஒண்ணும் திருட்டுத்தனமாப் போகல. வாசல்ல மணியடிச்சு, "மேடம், ஆர்டருங்க"ன்னு சொல்லிட்டுத்தான் போகுது. திண்ணை இல்லாத ஊட்டுல எனக்கு வேறென்ன சோலி? அதத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறேன்.

நேத்து ரசத்துக்கு மல்லித்தழை இல்லைன்னு போனைத் தட்டுனே. தழை 20 ரூவா. கொண்டாந்து குடுக்கற கூலி 30 ரூவான்னு காட்டுச்சு. உடனே உனக்கு வந்துச்சு பாரு ரோசம்! "இருவது ரூவாத் தழைக்கு முப்பது ரூவாக் கூலியா, என்னைய என்ன ஏமாளின்னு நெனச்சானா?" 199 ரூவாய்க்கு வாங்குனா கூலி இல்லைன்னு அவனே கீழ எழுதி வெச்சிருந்தான், நல்ல மனுசன். நீயும் ஒரு சிப்ஸு, ரண்டு சாக்லேட்டு, வாசம் அடிக்கற மெழுகுவத்தி ஒண்ணுன்னு சேத்து 214 ரூவாயில கொண்டு போயி நிறுத்துனே. முப்பது ரூவாயக் காப்பாத்த 194 ரூவாயக் களப்பலி குடுத்திருக்கறே கண்ணு. கரண்டு இருக்கற ஊட்டுல மெழுகுவத்தி எதுக்குன்னு நான் கேக்க மாட்டேன். கேட்டா 'அரோமா'ம்பே. கோழிக்கு நாலு கம்பு எறைச்சு, பா பான்னு கூப்புட்டுக் கூடையப் போட்டுக் கவுக்கறாப்பல இருந்துச்சு எனக்கு. கோழியாவது ரண்டாந் தடவ கொஞ்சம் யோசிக்கும்.

அதுல மழைக்கூலின்னு வேற ஒண்ணு இருக்குதாமா. நம்ம காங்கயம் பக்கம் மழை வரோணும்னு சாமிக்குத்தான் காசு போடுவோம். இங்க மழை வந்துருச்சுன்னு ஆப்புக்குக் காசு போடறீங்க. வெவசாயி எவனாச்சும் கேட்டான்னா நெஞ்சு வெடிச்சுப் போவான்.

இதுல என்ற மனசு தாங்காதது ஒண்ணு இருக்குது. அந்த ஆர்டரோட வந்த பில்லுச் சீட்டுல கருவேப்பலைன்னு போட்டு 12 ரூவா இருந்துச்சு. உன்ற அமுச்சி அம்பது வருசமாக் காய் வாங்குனா. கத்திரிக்காய்க்குக் காசு, வெங்காயத்துக்குக் காசு. பை நெறஞ்சதுக்குப் பொறவு காய்க்காரம்மா மொகத்த ஒரு பார்வை பாப்பா. அந்தம்மா ஒண்ணும் பேசாம ஒரு கொத்துக் கருவேப்பலையும் ரண்டு பச்ச மொளகாயும் எடுத்து மேல போடுவா. கொசுறு. எங்க வம்சத்துல கருவேப்பலைக்குக் காசு குடுத்த மொத மகராசி நீதான் சாமி. ஊருக்குப் போயி உன்ற அமுச்சிகிட்ட இதச் சொல்ல மாட்டேன். அவளுக்கு பிரசரு இருக்குது.

ஆப்பு வேண்டாம், கடைக்கே போலாம்னு போன ஞாயித்துக்கெழமை என்னையும் ஒட்டுக்காக் கூட்டிட்டுப் போனீங்க. கடையா அது? உள்ள போனா வெளிய வர்ற வழி தெரியல. பாலு வாங்கத்தான் போனோம். பாலு கடைசி மூலையில இருக்குது. அதுக்குப் போறதுக்குள்ள பிஸ்கோத்து, நூடுல்ஸு, நாய் திங்கற பண்டம் அத்தனையும் தாண்டிப் போகோணும். நமக்கு நாயே இல்ல, இருந்தும் மாப்பிள்ளை அந்த இடத்துல கொஞ்ச நேரம் நின்னாரு.

அந்தத் தள்ளுவண்டி இருக்குதே, அது வந்த கத தெரியுமா உனக்கு? பேப்பர்ல படிச்சேன். அமெரிக்காவுல ஒக்லஹோமா சிட்டியில சில்வன் கோல்ட்மேன்னு ஒரு மளிகைக்கடைக்காரரு. கூடை கனத்துக் கை வலிச்சா சனங்க வாங்கறத நிறுத்திட்டுப் போயிடறாங்களேன்னு அவருக்கு வெசனம். 1937ல சக்கரம் வெச்ச வண்டியக் கொண்டாந்து வெச்சாரு. ஒருத்தரும் தொடல. ஆம்பளைக்கு, கூடை தூக்க வக்கில்லைன்னு நெனச்சுருவாங்களோன்னு வெக்கம்; பொம்பளைக்கு, புள்ளவண்டி தள்ளுனது பத்தாதான்னு சலிப்பு. கோல்ட்மேன் என்ன பண்ணுனாரு தெரியுமா? ஆளுகளைக் கூலிக்குப் புடிச்சு, வண்டியத் தள்ளிக்கிட்டுச் சாமான் வாங்கறாப்பல கடைக்குள்ளயே நடிக்க வெச்சாரு. அதப் பாத்துட்டு மத்தவங்களும் தள்ள ஆரம்பிச்சாங்க. மனுசன் பெரிய பணக்காரனாயிட்டாரு. நீ இப்பத் தள்ளறது அந்த வண்டிதான்.

அதுனால நான் சொல்லறத ஒருக்காச் செஞ்சு பாரு. நோம்பிக்குத் துணி எடுத்த கடையில குடுத்த கட்டப்பை பரண்மேல ஒரு மூட்டை கெடக்குது, அதுல ஒண்ண எடுத்துக்க. வண்டியத் தொடாதே. கை வலிக்கற வரைக்கும் வாங்கு, வலிச்சா ஊட்டுக்கு வந்துரு. உன்ற கணக்குப் புஸ்தகம், எக்செல்லு, அதெல்லாம் சொல்லாதத கையி சொல்லும். இன்னொண்ணு, மாப்பிள்ளையப் பசியோட கடைக்குத் தாட்டி விடாதே. ரண்டு இட்லி குடுத்து அனுப்புனா பருப்பு வாங்கிட்டு வருவாரு. வெறும் வயித்தோட அனுப்புனா முறுக்கு வாங்கிட்டு வருவாரு, பருப்ப மறந்துருவாரு. கோவிச்சுக்காதீங்க மாப்பிள்ளை, ஆம்பளைக எல்லாரும் அப்படித்தானுங்க.

கடைக்காரனுக்கும் எனக்கும் ஒரு போட்டி. பெருசா எழுதுனத நீ படிக்கோணும்னு அவன் நெனைக்கறான். சிறுசா எழுதுனத நான் படிப்பேன். அதுக்குத்தான் கண்ணாடி. இந்த எண்ணெய்ப் பாக்கெட்டு ரண்டையும் பாரு. ரண்டும் பாக்கறதுக்கு ஒரே ஒசரம், ஒரே மினுக்கு. ஒண்ணு பத்து ரூவா சல்லிசு. நீ சல்லிசத் தூக்கிட்டு வந்துட்டே. ஒரு லிட்டர் எண்ணெய்ன்னா எடையில சுமாரா 910 கிராம் இருக்கோணும். நீ தூக்குனது 850 கிராம். 60 கிராம் கொறைச்சுட்டு, பத்து ரூவா கொறைச்சதாத் தண்டோரா போட்டிருக்கறான். கிலோ 150 ரூவான்னு வெச்சாலும் அந்த 60 கிராமு 9 ரூவா ஆச்சு. ஆக, உன்ற லாபம் ஒத்த ரூவா. அஞ்சு ரூவாப் பிஸ்கோத்தும் அப்படித்தான். வெலை அப்படியே இருக்குது, பிஸ்கோத்துத்தான் வருசா வருசம் எளைச்சுக்கிட்டே போகுது. இதெல்லாம் பாத்துத்தான் இப்பச் சட்டமே போட்டிருக்குது, பாக்கெட்டு மேல கிராமுக்கு இத்தனை, மில்லிக்கு இத்தனைன்னு எழுதோணும்னு. எழுதித்தான் இருக்கறான், எறும்பு படிக்கற அளவுக்கு. அந்த ஒத்த வரியப் படிச்சீன்னா போதும், மத்தத எல்லாம் அவன் சந்தோசத்துக்கு எழுதிக்கட்டும்.

பெரிய டப்பா வாங்குனா சல்லிசுன்னு ஆரோ சொல்லிக் குடுத்திருக்கறாங்க உனக்கு. பாதி நெசம். ஷாம்புல போயிப் பாரு. ஒரு ரூவா, ரண்டு ரூவாச் சாசேயக் கணக்குப் போட்டா, மில்லிக்குப் பாட்டில விடப் பல நேரம் சல்லிசா இருக்கும். வண்டி வண்டியா விக்கறதுங்காட்டி அவனுக்குக் கட்டுபடியாகுது. அந்தச் சாசே நம்ம கடலூர்ல பொறந்தது, தெரியுமா? சின்னிகிருஷ்ணன்னு ஒருத்தரு, 'கூலிக்காரனும் வாங்கோணும்'னு சின்னச் சின்னப் பொட்டணமா ஷாம்பு போட்டு வித்தாரு. அவரு மகன் ரங்கநாதன் 1983ல தனியாக் கடை தொறந்து 'சிக்' ஷாம்பு போட்டாரு. கூலிக்காரனுக்குப் போட்ட பொட்டணம் இன்னைக்கும் கூலிக்காரனுக்குத்தான் லாபம். நீ கௌரவமாப் பாட்டில் வாங்கறே, பிதுக்குனா கை முச்சூடும் ஷாம்பு. பாதி நொரை சாக்கடைக்குப் போகுது. என்னையக் கேட்டா அரப்புதான். உசிலை மரத்து எலைய ஒணத்திப் பொடிச்சு ஊர்லருந்து நான் கொண்டாந்தா, "ஐயே, கண்ணு எரியுது"ங்கறே. அதையே ஒரு சீமைப் பேரு போட்டு, கண்ணாடிக் குப்பியில அடச்சு, 100 கிராம் 249 ரூவான்னு வித்தா எரிய மாட்டேங்குது. காசு குடுத்தா கண்ணு எரியாது போல.

எம்.ஆர்.பி. பத்தி ஒரு வார்த்தை. அது மேல்வரம்பு. வரியும் அதுக்குள்ளயேதான். எம்.ஆர்.பி.க்கு மேல தனியா ஜி.எஸ்.டி. போட்டு பில்லுக் குடுத்தா அது தப்பு, நேராக் கேளு. அதே மாதிரி, எம்.ஆர்.பி.க்குக் கொறைச்சு விக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டமும் இல்ல. தெருமொனைக் கடைக்காரர்கிட்ட மாசச் சாமான் ஒட்டுக்கா எடுத்துட்டு, "பாத்துப் போட்டுக் குடுங்கண்ணா"ன்னு கேட்டுப் பாரு. ஆப்புல ஆர்கிட்டக் கேப்பே? 2025 செப்டம்பர் 22ல இருந்து சோப்பு, ஷாம்பு, பல்லுப்பசை, தலைக்கெண்ணெய்க்கெல்லாம் வரி 18ல இருந்து 5 ஆச்சு. ஊரே சந்தோசப்பட்டுச்சு. நீ மட்டும் சந்தோசப்பட முடியல. அதுக்கு முந்தின ஆடித் தள்ளுபடியில ரண்டு வருசத்துக்குண்டான சோப்ப வாங்கிக் குமிச்சுட்டே.

அரிசிக்கு வருவோம். அரிசிக்கடையில சிப்பம் எத்தன கிலோன்னு பாத்தயா? 26. முந்தி 25 கிலோ இருந்துச்சு. திடீர்னு ஒரு கிலோ சேத்துக் குடுக்க ரைஸ்மில்லுக்காரங்களுக்கு என்ன தர்ம சிந்தனையான்னு நீ நெனைக்கலாம். 2022 ஜூலை 18ல இருந்து, பேரு அச்சடிச்சுக் கட்டுன பாக்கெட்டு 25 கிலோ வரைக்கும் இருந்தா 5 சதம் வரின்னு ஆச்சு. 25க்கு மேல போனா வரி இல்ல. கவுருமெண்டு நாள்கணக்கா உக்காந்து போட்ட சட்டத்த, நம்மாளு ஒரு கிலோ அரிசியப் போட்டு மூடிட்டான். கிலோ 60 ரூவா அரிசின்னா 25 கிலோப் பைக்கு 75 ரூவா வரி. நீ 5 கிலோ 5 கிலோவா, படம் போட்ட பையில வாங்கறயே, ஒவ்வொரு பைக்கும் அந்த வரியக் கட்டிட்டுத்தான் வர்றே. "ரண்டு பேருக்கு 26 கிலோ எதுக்குங்க அப்பிச்சி, வண்டு புடிச்சுரும்"பே. நல்ல கேள்விதான். எதுத்த ஊட்டுக்காரியக் கூப்புட்டுப் பாதியாப் பிரிச்சுக்க. மூணு வருசமா எதுத்தாப்பல இருக்கறீங்க, அவ பேரு என்னன்னு கேட்டா முழிக்கறே. அரிசி பங்கு போடற சாக்குல பேரையாவது தெரிஞ்சுக்கலாம்.

ரேசன் கார்டப் பத்திக் கேட்டா பாஸ்போர்ட்டோட சேத்து லாக்கர்ல பத்திரமா இருக்குதுங்கறே. அது பூட்டி வெக்கறதுக்கா குடுத்தாங்க? நம்ம தமிழ்நாட்டுல அரிசி கார்டு இருந்தாச் சம்பளம் எத்தனைன்னு கேக்கறதில்ல. 2011ல இருந்து அரிசி சும்மா. துவரம்பருப்பு கிலோ 30 ரூவா, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. "கியூவுல நின்னா ஆபீஸ்காரங்க பாத்துருவாங்க"ன்னு மாப்பிள்ளைக்கு வெக்கம். வரிசையில நின்னு புதுப் போனு வாங்கறப்ப வராத வெக்கம்! இட்லிக்கு ரேசன் புழுங்கலரிசியப் போட்டு ஆட்டிப் பாரு, பூவாட்டம் இட்லி வரும். உனக்கு வேண்டாமின்னா வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு, அது மரியாதை. வாங்கி வேலைக்காரம்மாவுக்கு வித்துட்டு, அந்தக் காசுல பீசா திங்காதே, அவ்வளவுதான்.

காய்க்கு உழவர் சந்தை. 1999 நவம்பர் 14ல மதுரை அண்ணா நகர்ல மொதல்ல தொறந்தாங்க. இப்ப உங்க கோயமுத்தூர்லயே ஆர்.எஸ்.புரம், சிங்காநல்லூர், வடவள்ளி, சுந்தராபுரம்னு எத்தன இருக்குது! அன்னாடு காத்தால பலகையில வெலை எழுதிப் போட்டுருவாங்க. பேரம் பேச வராத உன்ன மாதிரிப் புள்ளைகளுக்குன்னே வெச்ச சந்தை அது. தோட்டக்காரனே உக்காந்து விக்கறான். கருக்கல்ல போனா நல்ல காயி. கொஞ்சம் ஏறுவெயில்ல போனா, மிச்சத்தத் திருப்பித் தூக்கிட்டுப் போறதுக்குச் சலிச்சுக்கிட்டு அள்ளிக் குடுப்பான். கத்திரிக்காய ஒவ்வொண்ணாத் திருப்பிப் பாக்கறதுக்கு அங்க உனக்கு உரிமை இருக்குது. ஆப்புல வந்த கத்திரிக்காய நான் அரிஞ்சேன். உள்ள ஒரு புழு குடும்பத்தோட இருந்துச்சு, அதுக்குக் கூலி தனியாப் போட்டானான்னு தெரியல.

எதையும் அதது காலத்துல வாங்கோணும். புளி மாசி பங்குனியில. புதுப்புளி வந்து எறங்கறப்ப ஒரு வருசத்துக்கு வாங்கி, கொட்டையெடுத்து, வெயில்ல ஒணத்தி, கல்லுப்பு தூவி மொடாவுல அமுக்கி வெச்சா அடுத்த வருசம் வரைக்கும் கெடாது. கொட்டையோட வாங்குனா சல்லிசு. ஆனா எடையில கொட்டை எத்தனைன்னு ஒரு கைப்பிடி பிச்சுப் பாத்துட்டு வாங்கு, இல்லைன்னா புளியங்கொட்டைய வெச்சுப் பல்லாங்குழிதான் ஆடோணும். மொளகாயும் அப்படித்தான். மூலனூர்ப் பக்கம் முருங்கக்காய் கொட்டறப்ப சாம்பார், பொரியல், கூட்டுன்னு ஒரு மாசம் அதையே தின்னு. பனிக்காலத்துல ஒத்தக் காய் வெல ஏறிக் கெடக்கறப்பத்தான் உனக்கு முருங்கக்காய் ஆசை வருது. மசக்கையா இருந்தாச் சொல்லு, அப்ப வெலையே பாக்க மாட்டேன்.

கேஸ் சிலிண்டரு வர்றப்ப நிறுத்துக் காட்டச் சொல்லு. உள்ள 14.2 கிலோ இருக்கோணும். வெறும் சிலிண்டர் எடை அது மேலயே அடிச்சிருக்கும், கூட்டிப் பாத்துக்க. வளையத்துல ஒரு எழுத்தும் வருசமும் இருக்கும். ஏ-ன்னா மார்ச்சு வரைக்கும், பி-ன்னா ஜூன், சி-ன்னா செப்டம்பரு, டி-ன்னா டிசம்பரு. அந்தத் தேதி தாண்டுன சிலிண்டர வாங்காதே. ரப்பர் டியூப்ப மட்டும் அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா மாத்தீரு, அதுல மிச்சம் புடிக்கறேன்னு என்ற பேரச் சொல்லீராதே. துவரம்பருப்ப அரமணி நேரம் ஊறப் போட்டு வெச்சா ரண்டு விசிலு கொறையும். உனக்கு ஊறப் போட நேரமில்ல, சரி. போன ஊறப் போட்டாலும் பரவாயில்ல, பருப்பத்தான் போட மாட்டேங்கறே.

கரண்டு விசயத்துலதான் நீங்க ரண்டு பேரும் ராசா ராணி. ஏசிய 18ல வெச்சுட்டு, நான் குடுத்து விட்ட சென்னிமலைப் போர்வைய ரண்டாப் போத்திப் படுக்கறீங்க. குளுரும் காசுக்கு, அதுக்குச் சூடும் காசுக்கு. 26ல வெச்சு மேல ஒரு பேனப் போடு, போர்வையாவது மிச்சம். அந்தப் பேனு பழசு, 75 வாட்டு இழுக்குது. இப்ப வர்ற பிஎல்டிசி பேனு 30 வாட்டுதான். நாளைக்கு 15 மணி நேரம் ஓடுனா ரண்டு மாசத்துல ஒரு பேனுக்கு 40 யூனிட்டு கொறையுது. ரண்டு மாசத்துக்குக் கொஞ்சம் யூனிட்டு சும்மான்னு கவுருமெண்டு குடுக்குது. ஆனா 500 யூனிட்டுக்கு ஒண்ணு தாண்டிப் பாரு, கீழ்ப்படிக்குப் போட்டிருந்த சல்லிசு வெலை காணாமப் போயிரும். அந்த ஒத்த யூனிட்டால 200 ரூவாய்க்கு மேல ஏறுது. மீட்டருப் பொட்டி கீழதான் இருக்குது. போகறப்ப வர்றப்ப அத ஒரு பார்வை பாரு. இன்ஸ்டாகிராமு பாக்கறதுல பத்துல ஒரு பங்கு போதும்.

தீவாளிக்குத் துணி எடுக்கோணும்னு காலைல மாப்பிள்ளைகிட்டப் பேசிக்கிட்டிருந்தது காதுல உழுந்துச்சு. அந்தப் பெரிய மாலுக்குப் போறதுக்கு முந்தி, ஒரு திங்கக்கெழமை ராத்திரி ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்கு என்ற கூட வா. யாவாரிக வாங்கற வெலையில துண்டு, வேட்டி, போர்வை, நைட்டி எல்லாம் கெடைக்கும். நீ வாயத் தொறக்க வேண்டாம், பையப் புடிச்சா போதும். மாப்பிள்ளை வந்தாலும் வரட்டும். ஆனா கழுத்துல தொங்கற அந்தக் கம்பெனிப் பட்டையக் கழட்டி ஊட்டுலயே வெச்சுட்டு வரச் சொல்லு. அதப் பாத்தா யாவாரி துண்டுக்கு அம்பது ரூவா ஏத்திச் சொல்லுவான், இவரும் "பரவால்லீங்க"ன்னு குடுத்துட்டு வந்துருவாரு.